பாரம் அண்ணாச்சியும் என் முப்பத்தெட்டு கிலோவும்

சைக்கிள் வாங்க வந்தவனிடம் அவன் மனைவியின் எடையைக் கேட்டுவிட்டு, ஓர் அடிகூட வாங்காமல் முப்பது வருடம் தொழில் நடத்திய மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். ராஜபாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பாரம் அண்ணாச்சிதான் அவர். சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. கடைக்குள் யார் நுழைந்தாலும், "வாங்க" என்பதற்கு முன்னால் "பாரம் எம்புட்டு?" என்பார். அதனால் அந்தப் பெயர்.

ஒரு முறை சுந்தரபாண்டியத்திலிருந்து புது மாப்பிள்ளை ஒருவர் வந்தார். கல்யாண மோதிரம் விரலில் இன்னும் பழகவில்லை, திருகிக்கொண்டே இருந்தார்.

"பின்னால யாரு உக்காருவா?" என்றார் அண்ணாச்சி.

"வீட்டுக்காரிதான்."

"எடை எம்புட்டு இருப்பாக?"

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு பேசுதீரு வே? எம் பொண்டாட்டி எடை உமக்கு எதுக்கு?"

"நான் கேக்கலைய்யா. கேரியர் கேக்குது."

மறுநாள் மாப்பிள்ளை மனைவியையே அழைத்து வந்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்காமல், "அம்பத்தி ரெண்டு" என்றது. "ஆடி முடிஞ்சு அம்மா வீட்டுலருந்து வந்தா அம்பத்தி ஆறு." அண்ணாச்சி அறுபதுக்குத் தாங்கும் கேரியர் போட்டுக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் எண்பதுகளின் நடுவில் நான் போய் மாட்டினேன்.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வேலை ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில். அங்கே என்னைத் தவிர பதினோரு பேர். சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு, வழியில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, தன்னந்தனியாகக் குற்றாலம் போய்வரப் போகிறேன் என்று அந்தப் பதினோரு பேரிடமும் ஆளுக்கு ஒன்பது தடவையாவது சொல்லியிருந்தேன். சொல்ல ஆரம்பித்து நான்கு வருடமாகிவிட்டது. என்னிடம் சைக்கிளே கிடையாது.

ஒருநாள் தலைமை எழுத்தர் என் விடுப்பு விண்ணப்பத்தை அவரே எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். "அஞ்சு நாள் லீவு. கையெழுத்துப் போடும். போகலேன்னா இனிமே இந்த ஆபீசுல குத்தாலம்ங்கிற பேச்சையே எடுக்கப்படாது."

"போகத்தான் போறேன்."

"தனியா? காப்பி குடிக்கப் போறதுக்கே துணைக்கு ஆள் கூப்பிடுத ஆளுய்யா நீரு!"

பதினோரு பேரும் சிரித்தார்கள். எண்ணினேன்.

அன்று மாலையே அண்ணாச்சி கடைக்குப் போனேன். எந்த வண்டி என்று முன்பே தீர்மானித்திருந்தேன். சிவப்பு நிறம், மெல்லிய டயர், ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், வெள்ளைக்காரர் ஒருவர் அப்படி ஒரு வண்டியில் மலையடிவாரத்தில் நிற்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து அந்த வெள்ளைக்காரர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்துப் பழகிவிட்டேன்.

"பாரம் எம்புட்டு?" என்றார்.

"கொஞ்சம்தான் அண்ணாச்சி."

"கொஞ்சம்னு ஒரு எடை கிடையாது. கொண்டாங்க, பாத்துட்டு வண்டி தாரேன்."

மறுநாள் ஆலையில் பஞ்சு நிறுக்கும் தராசில் என் சாமான்களை நிறுத்தேன். மொத்தம் அறுபத்து மூன்று உருப்படி. தார்ப்பாய்க் கூடாரம், மண்ணெண்ணெய் அடுப்பு, நான்கு குழி இட்லிப் பாத்திரம், இரும்பு வாளி, கொசுவலை, அதற்கு நான்கு கம்பு, வெந்நீர்ப் பை, பூட்டு மூன்று, டார்ச் இரண்டு. மூன்றாவது டார்ச் ஒன்றும் உண்டு. அந்த இரண்டும் இருட்டில் தொலைந்தால் தேடுவதற்கு. முப்பத்தெட்டு கிலோ நானூறு கிராம்.

எல்லாவற்றையும் சிவப்பு வண்டியின் கேரியரில் அடுக்கிக் கட்டினேன். என் தலைக்கு மேலே அரை அடி உயர்ந்து நின்றது. ஏறுவதற்கு முன்பே முன் சக்கரம் தரையை விட்டு எழும்பி வானத்தைப் பார்த்தது.

"குதிரை வேணும்னா மொதல்லயே சொல்லிருக்கலாம்லா சார்," என்றார் அண்ணாச்சி.

நானா விடுவேன்? எடையெல்லாம் பழகிவிடும் என்று சாதித்தேன். அவர் வாதாடவில்லை. "சரி. இதையே தாரேன். உங்க வீடு வரைக்கும் ஒருக்க ஓட்டிக் காமிங்க. நான் பின்னாலயே வாரேன்."

அதுதான் அவர் கடையின் வழக்கம். பாரத்தோடு வீடுவரை ஓட்டிக் காட்டாதவனுக்கு வண்டி கிடையாது.

கொம்பு ஹேண்டிலைப் பிடித்தால் முதுகு வளைந்து முகம் தரையைப் பார்க்கும். கழுத்தை நிமிர்த்தினால் வாளி பிடரியில் இடித்தது. ஆகவே தார் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்தது. மூன்றாவதில் இரண்டு. நான்காவதில், முன்னால் போன வைக்கோல் வண்டிக்குள் தோள்வரை புகுந்தேன்.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏலே, உள்ள என்னத்தைத் தொலைச்ச?"

பின்னால் வந்த அண்ணாச்சி இறங்கி, என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை நிதானமாக எடுத்துப்போட்டார். "சார், மீதி ஏழு கிலோமீட்டரையும் பாத்துருவமா? இல்ல, இம்புட்டு போதுமா?"

"போதும் அண்ணாச்சி. நான் வேணும்னா சாமானைக் குறைச்சிக்கிடுதேன்."

"குறைக்க வேண்டாம். வெந்நீர்ப் பை இல்லாம உங்களுக்கு உறக்கம் வராது. வண்டியை மாத்துவோம்."

மாற்றினார். கறுப்பு வண்டி. இரட்டைக் கம்பி. பால்காரர்கள் கேன் கட்டுவது. முன்னாலும் ஒரு கேரியர் வைத்து, நான்கு சாக்குப் பைகள் தைக்கச் சொல்லி, கனமான சாமான்களை எல்லாம் சக்கரத்தின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டார். பின் சக்கரத்துக்குத் தடித்த கம்பி. கையை விட்டால்கூட நேராகப் போனது. எனக்கோ அழுகை வந்தது. பத்திரிகைப் படத்தில் இருந்த வெள்ளைக்காரர் இப்படி ஒரு வண்டியோடு நின்றிருக்க மாட்டார்.

கிளம்பிய அன்று என் தெரு முனையிலேயே ஓர் அம்மாள் செம்போடு ஓடி வந்தார். "பால்காரரே! ஒரு அரை லிட்டர் ஊத்திட்டுப் போங்க."

ஆனாலும் தனியாகப் போகிறேன் என்ற பெருமிதம் குறையவில்லை. ராஜபாளையத்தைத் தாண்டி, சிவகிரியில் ஒரு டீக்கடையில் நின்றேன். எதிர்க்கடையிலிருந்து ஒருவர் ஸ்பேனரோடு வந்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் சார்தானே? ஸ்டாண்டு போடுங்க. பின் சக்கரத்தைப் பாக்கணும்."

"நீங்க யாரு?"

"சைக்கிள் கடை. முப்பத்தெட்டு கிலோவோட ஒரு ஆள் வருவாருன்னு பாரம் அண்ணாச்சி பஸ் டிரைவர்கிட்ட சொல்லி விட்டிருந்தாரு." சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, அவரு சொன்னாருன்னு உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு."

புளியங்குடியில் இரண்டாமவர். "என்ன சார் இம்புட்டு லேட்டு? நான் சாப்புடக்கூடப் போகலை." அவர் காட்டிய எலுமிச்சைத் தோப்பில்தான் அன்று கூடாரம் போட்டேன். மறுநாள் கடையநல்லூரில் மூன்றாமவர் சக்கரத்தைப் பார்த்து முடித்துவிட்டு, "அந்த வெந்நீர்ப் பையைக் கொஞ்சம் காமிங்களேன்" என்று ஆசையாகக் கேட்டார். தென்காசியில் நான்காமவர். "மதியத்துக்குள்ள வரலேன்னா எதுக்கால போயித் தேடச் சொன்னாரு அண்ணாச்சி. இப்பத்தான் செருப்பை மாட்டுனேன்." நான்கு பேரில் ஒருவராலும் ரகசியத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

குற்றாலத்தில் குளித்தேன். இட்லிகூட அவித்தேன். திரும்பும் வழியெல்லாம் ஒரே கவலை. இந்தக் கதை ஆபீசுக்குத் தெரிந்தால் என்னாவது?

நான் நினைத்தபடியே தலைமை எழுத்தர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு விசாரிக்க வந்தார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"அண்ணாச்சி, இவரு நெசமாவே தனியாத்தான் போனாரா?"

அண்ணாச்சி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "தனியாத்தான் போனாரு. நானும் கூட வாரேன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். வேண்டவே வேண்டாம்னுட்டாரு."

தலைமை எழுத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வேலையில் சேர்ந்து பதினான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி செயினுக்கு இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

அதற்குப் பிறகு, தொண்ணூறுகளின் கடைசிவரை அந்தக் கறுப்பு வண்டியில் மொத்தம் பதினேழு பயணம் போயிருக்கிறேன். அண்ணாச்சி இருந்தவரை பதினான்கு. அவர் காலமான பிறகு மூன்று. தனியாகப் போனது என்று என் நோட்டில் குறித்து வைத்திருப்பது அந்த மூன்றை மட்டும்தான்.