இடப்பக்கத்து வீக்கமும் வலப்பக்கத்துத் தையலும்

சேலம், அஸ்தம்பட்டி
தாது வருஷம் ஆவணி 21

என் மனைவியின் தமையனாரும் எனக்கு மூத்தவருமாகிய மச்சான் வெள்ளியங்கிரி அவர்களுக்குச் சின்னண்ணன் கைகூப்பி எழுதிக்கொண்டது. தங்களிடத்தில் மழையும் மாடு கன்றும் குறைவில்லாமல் இருக்கக் குலதெய்வத்தை வேண்டுகிறேன். தங்கள் தங்கை சென்னியம்மாள் உயிரோடு, கஞ்சி குடித்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாயிருக்கிறாள் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. இங்கே ஆஸ்பத்திரி டாக்டர் அவள் வயிற்றைப் பக்கம் மாற்றிக் கிழித்துவிட்டார், ஆனால் வியாதி போய்விட்டது. இது எப்படி என்று படித்தவர் யாரையாவது கேட்டு எழுத வேண்டும்.

ஆனி மாதத்தில் பருத்திக்கொட்டைக் கூடையைத் தூக்கும்போது, “வயித்துல சுருக்குன்னுதுங்க” என்றாள். பார்த்தால் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடப்பக்கமாக, எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். நின்றால் இருக்கிறது, படுத்தால் காணோம். பரமத்தி வைத்தியர் வாயுக் குன்மம் என்று இருபது நாள் லேகியம் கொடுத்தார். நாமக்கல்லில் ஒரு டாக்டர் மேசைமேல் படுக்கவைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமேயில்லை, மனப்பிராந்தி என்று சிவப்புத் தண்ணீர் ஒரு சீசா கொடுத்தார். வெளியே வந்தால் வீக்கமும் கூடவே வருகிறது. திரும்பக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தால் மறுபடி காணோம். டாக்டர் அவளை விட்டுவிட்டு என் நாடியைப் பிடித்துப் பார்த்தார், மச்சான்!

போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழன் காலையில் வீக்கம் கல்லாய் இறுகிவிட்டது. படுத்தும் உள்ளே போகவில்லை. ஓயாத வாந்தி. பஸ்ஸில் ஏற்றிச் சேலம் கொண்டுவந்தேன். வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்தன்றைக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். அதிலிருந்தே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இங்கே டாக்டர் சின்ன வயசுக்காரர். திரைக்கு அந்தப் பக்கம் அவளை நிறுத்தி இருமச் சொன்னார். நான் இந்தப் பக்கமிருந்து, “இடப்பக்கமுங்க, இடப்பக்கம்!” என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். வெளியே வந்தவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். “கவுண்டரே, இது குடலிறக்கம்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏனுங்க, அது ஆம்பளைங்களுக்குத் தொடையோரம் வர்றதல்லங்களா?”

“வழக்கமா அங்கேதான். இது அபூர்வம். வயிற்றுச் சுவரிலே பக்கவாட்டில சந்து விட்டு, குடல் மேல்சதைக்கு அடியிலே போய் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. அதனாலதான் யார் கையிலயும் அகப்படல. நானே புஸ்தகத்திலதான் பார்த்திருக்கேன்” என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தி, “இப்போ குடல் நெரிபட்டுக் கிடக்கு. உடனே அறுக்கலேன்னா அழுகிடும். சாயந்திரம் வரைக்கும் தாங்காது” என்றார். கையெழுத்துப் போட்டேன். என் பெயரே எனக்கு மறந்துவிட்டது, நர்ஸ் இன்பமேரி எடுத்துச் சொன்னாள்.

தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது நான் தலைமாட்டில் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். போர்வை விலகியது. பார்க்கிறேன், வயிற்றில் மையால் கோடு போட்டிருக்கிறது, வலப்பக்கத்தில்! கதவை மறித்துக்கொண்டு நின்றேன். “கோட்ட மாத்திப் போட்டுட்டீங்க! ரெண்டு மாசமா நானல்லங்க பாத்துட்டிருக்கறன்!” என்று கத்தினேன். சென்னியம்மாள் பேச மாட்டாமல் கையை மட்டும் ஆட்டினாள். அவளும் என் கட்சி என்று எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. இன்பமேரி, “அண்ணே, ஆண்டவர்மேல பாரத்தைப் போட்டுட்டு உக்காருங்க” என்று என்னைப் பெஞ்சியில் அமுக்கிவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம். மச்சானுக்கு என்ன பதில் சொல்வேன் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் மச்சான் கெடக்கட்டும், நாளைக்கு ஊட்டுல நான் யாரோட சண்டை போடுவேன் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. டாக்டர் வந்து, குடல் கறுத்திருந்ததாகவும், வெந்நீர்த் துணி போட்டு வைத்ததில் சிவப்புத் திரும்பியதாகவும், உள்ளே தள்ளிச் சுவரை அடுக்கடுக்காகத் தைத்துவிட்டதாகவும் சொன்னார். “இடப்பக்கத்துலயுங்களா?” என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இன்று ஒன்பதாம் நாள். இருமினாலும் வீக்கமில்லை. தையல் வலப்பக்கம்தான், தலைமாட்டில் நின்று என் கண்ணாலேயே பார்த்தேன். சாக்கை ஒரு ஓரம் இழுத்துத் தைத்தால் மறு ஓரமும் இறுகுமே, அப்படியாக இருக்குமோ? டாக்டரிடமே கேட்டேன். எனக்குத் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். கைராசி இருக்கிறது, இடது வலது தெரிகிற புத்திதான் அவருக்குப் போதாது. தங்களுக்குத் தெரிந்த வக்கீலை விசாரித்து எழுதினால் மேலிடத்துக்கு மனுப் போடலாம்.

அக்காளுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. எல்லாருக்கும் வயிறு வயிறாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னண்ணன்

பின்குறிப்பு: ஒட்டுமுன் இதைச் சென்னியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். தையலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “ஏனுங்க, எனக்கு வந்ததே சோத்தாங்கைப் பக்கந்தானுங்க. நீங்க எப்பவும் எதுக்க நின்னு பாத்துட்டு, உங்க பீச்சாங்கைப் பக்கத்தச் சொல்லீட்டுத் திரிஞ்சீங்க. தலமாட்டுல நின்னப்பத்தான் சரியாப் பாத்தீங்க. அன்னைக்கி வண்டியில நான் கைய ஆட்டுனது உங்கள ஒதுங்கச் சொல்லி” என்கிறாள். ஆகையால் மேலே இடது என்று வருமிடத்திலெல்லாம் வலது என்றும், புத்தி போதாது என்று வருமிடத்தில் டாக்டருக்குப் பதில் என் பெயரையும் போட்டு வாசித்துக்கொள்ளவும். வக்கீலிடம் போக வேண்டாம்.