மியூசியத்துக்கு மூன்று சுற்று

'சாவகாசம்' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் உள்ளங்கால் எரியும். (மனசு என்று எழுதத்தான் வந்தேன். இல்லை, உள்ளங்கால்தான்.)

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாத ஞாயிறு. அப்போது எனக்குத் தாராவியில் பகலெல்லாம் தோல் கிடங்கு, சாயங்காலமெல்லாம் மேடை. "கடவுள் இல்லை!" என்று நான் முழங்கினால் தெருக்குழாய்கூடத் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்கும் (அதில் எப்போதுமே தண்ணீர் வராது). அந்தப் பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் செம்பூரில் வசந்தா என்ற பெண் தன் அண்ணனிடம் சொல்லியிருந்தாள்: "கோயில் கோயிலா இழுக்காத ஆளுன்னா எனக்குச் சம்மதம்." நாலு மணிக்குப் பெண் பார்க்க வரச் சொன்னார்கள்.

கூட வரப் பெரியவர் என்று இருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். திருநெல்வேலியிலிருந்து பம்பாய் பார்க்க வந்திருந்தார்.

"நாலு மணிக்குத்தானலே? சாவகாசமா ரெண்டு மியூசியம் பாத்துட்டுப் போவோம்."

முதல் மியூசியத்தில் பீங்கான் கோப்பைகளை, மாட்டுச்சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பவர்போல நிதானமாகப் பார்த்தார். மதியம் போயிற்று. இரண்டாவதில் சாமி சிலைகள் என்று தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"செருப்பக் கழட்டுலே. நீ கழட்டாம நான் உள்ள வரமாட்டேன்."

நேரம் ஓடுகிறதே என்று கழற்றி எறிந்தேன்.

உள்ளே ஒரு கல் சிவன். சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு வலம் வரப் பார்த்தார். சிலையின் முதுகோ சுவரோடு ஒட்டியிருந்தது. இடுக்கில் நுழைந்தவரைக் காவலாளி, "அரே பாபா, கிதர் குஸ்தா ஹை?" (எங்கேய்யா நுழையறே?) என்று வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"சுவரு வச்சு அடச்சிருக்கானுவ. சரி, கட்டடத்தையே சுத்துவோம். மூணு சுத்து."

அந்த வெயில்! பாதை அடுப்பு, காற்று ஊதுகுழல், கூப்பிடு தூரத்துக் கடல் தன் ஈரத்தையெல்லாம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. சித்தப்பா தேர்போல அசைந்து போனார். "ரயிலு போயிரும் சித்தப்பா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். தடுக்க ஓடியே நானும் மூன்று சுற்று முடித்திருந்தேன்.

வாசலில் என் செருப்பைக் காணோம். சித்தப்பா தோள்பைக்குள் கைவிட்டு, பேப்பரில் சுற்றிய தன் செருப்பை எடுத்து மாட்டினார். (அதைச் சுமந்துகொண்டுதான் சாமியைச் சுற்றியிருக்கிறார்!)

"அதுல என்னுதையும் வச்சிருக்கலாம்லா?"

"பகுத்தறிவு பேசுதவன், நான் சொன்ன உடனே எதுக்குலே கழட்டுன?"

அந்தக் கேள்வியின் மேல் வந்த கோபத்தை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செம்பூர் போய்ச் சேர ஐந்தரை ஆயிற்று. நெற்றி நிறையத் திருநீறோடு வந்த வசந்தாவின் அப்பா, என் வெறுங்காலைப் பார்த்து உருகினார்.

"விரதமா தம்பி?"

"ஆமா, பெரிய பக்திமான். இப்பத்தான் மூணு சுத்து முடிச்சிட்டு வாரான்" என்றார் சித்தப்பா.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று விலகிப் போயிற்று. என் வாழ்க்கையும் அதோடு போனது போலிருந்தது.

"விரதமும் கிடையாது, ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது!" எந்த மேடையிலும் எனக்கு வராத குரல். "இந்த மனுசன் மியூசியத்தச் சுத்துனாரு! நிறுத்தப் போயி நானும் சுத்துனேன்! எவனோ என் செருப்பத் தூக்கிட்டான்! காலு கொப்பளிச்சுப் போச்சு!"

அப்புறம் உள்ளே ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தது. திரைக்கு அடியில் அவள் அண்ணனின் செருப்பு ஜோடியாக நகர்ந்து வந்தது.

"அளவு சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுண்ணே."

என் கால் அதற்குள் படகில் ஏறியது போல மிதந்தது. "ரொம்பச் சரியா இருக்கு" என்றேன்.

இப்போதும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், வசந்தா என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மகளைத்தான் கூப்பிடுகிறாள்:

"ஏட்டி, அப்பா செருப்ப எடுத்துப் பையில வையி. மியூசியத்தச் சுத்தக் கிளம்பிட்டாக."