காரீயம் கக்கிய நெத்திலி

உலக விஞ்ஞான வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். 1974 மே மாதம் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் குழு கூடுவதற்கு முன், கூடியதற்குப் பின். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் குழுவின் உதவியாளன் நான்தான், அதனால் உண்மைக்காகச் சொல்கிறேன்.

'சாலையோரக் காற்றுத் தூய்மை உயர்மட்ட ஆய்வுக் குழு' என்பது பெயர். தலைவர் பக்தவச்சலம் செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் வருவார். இறங்கிய பிறகும் இன்ஜினை அணைக்க விடமாட்டார். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாதாம். 'பொதுமக்கள் பிரதிநிதி' செங்கல்வராயன் பதினோரு டாக்சிக்குச் சொந்தக்காரர். சிற்பம் பார்க்கப் போன வெள்ளைக்காரர்கள் திரும்பும்வரை அவருடைய வண்டிகளும் பஸ் ஸ்டாண்டில் உறுமிக்கொண்டேதான் நிற்கும். புகையை இவ்வளவு நெருக்கமாக அறிந்தவர்கள் வேறெந்தக் குழுவில் உண்டு?

காற்றிலுள்ள தூசியை உறிஞ்சிப் பிடிக்கும் மெஷின் ஒன்று வந்து சேர்ந்தது. கரண்ட் வந்து சேரவில்லை. மின்வெட்டு. நான் துடித்துப்போனேன். அப்போதுதான் மீன்காரி சின்னப்பொண்ணுவின் நெத்திலி கண்ணில் பட்டது. பஸ் ஸ்டாண்டை ஒட்டி ரோட்டோரம் கோணி விரித்து ஈரமீனைப் பரப்பியிருந்தாள். பறக்கிற தூசியெல்லாம் அதில்தானே ஒட்டும்! கிடைத்தது மெஷின்!

"ரோட்டோரமா எதுக்கும்மா காயவெக்கிறே?" என்று கேட்டேன்.

"கடக்கரையிலதான் காஞ்சிகினு இருந்திச்சி நைனா. வெள்ளக்காரன் மூக்கப் பொத்திக்கிறான்னு போன வருசம் தொரத்திட்டாங்க. இந்த எடமும் பூட்ச்சின்னா மீனெல்லாம் அழுகித்தான் போவும். வூட்ல நாலு வவுறு கீது."

நான் விஞ்ஞானமுறை தவறாதவன். ஒரே வலையில் வந்த மீனை இரண்டு பங்காக்கினேன். ஒரு பங்கு இங்கே ரோட்டோரத்தில். இன்னொன்றை உப்புப் போட்டுக் கூடையில் கடப்பாக்கத்துக்குத் தூக்கிப்போய், அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த அவள் மகள் வேண்டாவின் வீட்டு மணலில் காயவைத்தேன். கண்டக்டர் கூடையை பஸ் கூரையில் ஏற்றினார். வாசனையை முன்னிட்டு என்னையும். கடப்பாக்கத்தில் அந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி போனால் அதிகம்.

நாலு நாள் காய்ந்ததும் இரண்டு பொட்டலங்கள் சென்னை ஆய்வகத்துக்குப் போயின. முடிவு வந்தபோது எனக்கு ரோமம் சிலிர்த்தது. கடப்பாக்கம் நெத்திலியில் ஒன்றுமில்லை. மாமல்லபுரம் நெத்திலியில் காரீயம், ஏராளமாக! பெட்ரோலில் கலக்கிற அதே காரீயம், புகையோடு வந்து மீன்மேல் உட்கார்ந்திருக்கிறது!

குழு கூடியது. பக்கத்தில் ஜீப் உறுமியதால் எல்லோரும் கத்திக் கத்தித்தான் பேசினோம்.

"ஆக, இந்த மீன் காரீயத்த வெளியிடுது," என்றார் தலைவர்.

"வெளியிடல சார், மேல வந்து படிஞ்சிருக்கு. பெட்ரோல் புகையில..."

"தம்பி, காரீயத்த எதுலேர்ந்து எடுத்தாங்க?"

"மீன்லேர்ந்து சார்."

"டாக்சிலேர்ந்து எடுத்தாங்களா?"

"டாக்சிய யாருமே சோதிக்கல சார்."

"சோதிக்காத பொருள் மேல பழி போடலாமா? இதான் காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்களா?"

செங்கல்வராயனுக்குக் கண் கலங்கியது. "நம்ம டிரைவர் பசங்க தெனம் இந்த மீனு பக்கத்துலதான் சார் வண்டிய நிறுத்திக்கினு கீறாங்க. அவங்க கதி இன்னா ஆவறது?"

சின்னப்பொண்ணு கோணியிலிருந்து எழுந்து வந்தாள். "சாமி, ரெண்டும் ஒரே வலையில வந்த மீனு! இது மட்டும் எப்பிடி கெட்டுப்பூடும்?"

"ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பசங்கள்ல ஒருத்தன் ரவுடியா போறதில்லையா?" என்றார் தலைவர். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாளே மீனை அள்ளி லாரியில் ஏற்றினார்கள். அடுத்த மாத அறிக்கையில் 'காரீயம்: இல்லை' என்று எழுதினேன். ஒட்டிப் பிடிக்க மீனே இல்லையே! தலைவருக்கு மாலை போட்டார்கள். செங்கல்வராயன் எல்லோருக்கும் கோல்டு ஸ்பாட் வாங்கிக் கொடுத்தார்.

சின்னப்பொண்ணு அதே இடத்தில் வெறுங்கோணிமேல் குந்தியிருந்தாள். இருமினாள். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"நாலு நாளு காஞ்ச மீனுக்கே அவ்ளோன்னா, ஒரு வருசமா இங்கியே காஞ்சிகினு கீறேனே, எனக்கு எவ்ளோ ஏறியிருக்கும்? என் ரத்தத்த எடுத்து அனுப்பேன். அப்பவாச்சும் அது மீனோட குத்தம் இல்லேன்னு அவுங்களுக்குப் புரியும். எம் எடத்த குடுத்துடுவாங்க."

எத்தனை தெளிவான ஆராய்ச்சி! அனுப்பினேன். அவள் சொன்னபடியே முடிவு வந்தது. ரத்தத்திலும் காரீயம்.

குழு அவசரமாகக் கூடியது. இந்த முறை எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. தீர்மானத்தை நானே அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்:

'பஸ் ஸ்டாண்டில் காரீயத்தை வெளியிட்டு வரும் சின்னப்பொண்ணு என்பவரைப் பொதுநலன் கருதி உடனே அப்புறப்படுத்துக.'