கரை பிசகாத கோழி

தையற்காரரின் நான்கு கோழிகளும் நீல நிறத்தில் நின்றுகொண்டிருந்தன.

அவர் ஆசைப்பட்டது வெள்ளை. கண்காட்சிக்கு முன்னால் குளிப்பாட்டும் தண்ணீரில் இரண்டு துளி சொட்டு நீலம் விட்டால் இறகு பளிச்சென்று இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு துளிக்கே அப்படி என்றால் அரைப் புட்டிக்கு எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததுதான் தப்பாகப் போயிற்று.

"என்னங்க, இந்தச் சாயம் போகுமா?" என்றாள் மனைவி.

"போகும்."

"எப்ப?"

"இறகு உதிர்ந்து மறுபடி முளைக்கும்போது."

மதில் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. அடுத்த வீட்டுப் பல் டாக்டர்.

"என்ன டெய்லர், புது நிறமா? நல்லாத்தான் இருக்கு" என்றது தலை.

தையற்காரருக்கு வயிறு எரிந்தது. இது இன்று நேற்று பற்றிய நெருப்பு இல்லை. இரண்டு பேரும் வளர்ப்பது ஒரே இனம். புறாவைவிடக் கொஞ்சம் பெரிய குட்டைக் கோழி. உடம்பெல்லாம் வெள்ளை இறகு. ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் பேனாவால் இழுத்தது போலக் கறுப்புக் கரை. அந்தக் கரை தடிக்கக் கூடாது, கலங்கக் கூடாது, பாதியில் விட்டுப்போகவும் கூடாது. அதற்குத்தான் வருடா வருடம் கோப்பை. மூன்று வருடமாக அந்தக் கோப்பை டாக்டரின் கிளினிக்கில், பல்வலிக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தது. தையற்காரருக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. போனால் கோப்பையைப் பார்க்க வேண்டுமே என்று ஒரு வருடமாக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டு வந்தார்.

"இருபது வருஷமா ஓரம் அடிக்கிறேன்டி. நூல் பிசகினதில்ல. பல்லைப் பிடுங்குறவன் வீட்டுக் கோழிக்குக் கரை நேரா வருது, என் வீட்டுக் கோழிக்குக் கோணுது" என்று மனைவியிடம் புலம்பினார்.

"அவரு உங்க கோழியை நல்லா இருக்குன்னுதானே எப்பவும் சொல்றாரு. போன வாரம்கூட, உங்க வம்சத்துல ஏதோ விசேஷம் இருக்குன்னாரு."

"குத்திக் காட்டுறான். உனக்குப் புரியாது."

நீலக் கோழிகளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக முடியவில்லை. கோப்பை மறுபடி கிளினிக்குக்கே போயிற்று.

அடுத்த வருடம் தையற்காரர் தன் தொழிலையே நம்பினார். ஒரு சேவலின் நெஞ்சில் கரை கொஞ்சம் தடித்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காஜா வெட்டும் சின்னக் கத்தரியால், நூற்றுப் பதினேழு இறகுகளின் ஓரத்தை மயிரிழை மயிரிழையாகச் சீவினார். சேவல் புது மாப்பிள்ளை போல ஆனது.

நடுவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது வளர்ந்த ஓரம் இல்ல. வெட்டின ஓரம். யாரு வெட்டினதுன்னு தெரியல, நல்ல கைவேலை" என்று சொல்லிவிட்டுச் சேவலைத் தள்ளி வைத்தார். கூட்டத்தில் மூன்று பேர் அங்கேயே சட்டைக்கு அளவு கொடுத்தார்கள். தையற்காரர் அவமானத்தோடு அளவெடுத்தார். கோப்பை யாருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கடுத்த பருவத்தில் டாக்டரே மதில் மேல் வந்து ஒரு யோசனை சொன்னார்.

"டெய்லர், ரெண்டு பேரும் ஒரே நாள்ல அடை வெப்போமா? ஆளுக்கு ஆறு முட்டை. குஞ்சுங்க ஒரே வயசுப் பிரிவுல நிக்கும். போட்டி நியாயமா இருக்கும்."

"நியாயமாம், நியாயம்" என்று பல்லைக் கடித்தார் தையற்காரர். கடித்தது ஆடும் பல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் சம்மதித்தார்.

அடை வைத்த நான்காம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், டாக்டர் வீட்டுக்கே வந்தார். கையில் கிளினிக் பெட்டி.

"நாளைக்கு விடியக்காலையில நானும் என் சம்சாரமும் வெளியூர் போறோம். பல் டாக்டருங்க கூட்டம். ரெண்டு நாள் எங்க கோழிக்குத் தீனி மட்டும் போட்டுடுங்க. இந்தாங்க சாவி. அப்படியே உங்க அடைக்கோழியை ஒரு தடவை பாத்துக்கறேன். குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா? பச்சைத் தண்ணி பல்லு கூசுது."

பல் டாக்டருக்கே பல் கூசுகிறது என்பதில் தையற்காரருக்கு ஒரு சின்னத் திருப்தி. மனைவி கடைக்குப் போயிருந்ததால் அவரே அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டுக் கொண்டுவந்தார். டாக்டர் கூண்டுக்கு வெளியே பெட்டியும் கையுமாக, ரொம்பப் பணிவாக நின்றிருந்தார்.

சாவி கைக்கு வந்த நிமிடமே தையற்காரரின் புத்தி வேறு பக்கம் ஓடத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை காலை டாக்டரின் கார் தெருமுனை திரும்பியதும், தன் கோழியின் கீழிருந்த ஆறு முட்டைகளைக் கம்பளித் துணியில் சுற்றினார். வைக்கோலில் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. தையற்காரன் வீட்டில் பஞ்சுக்கா குறைச்சல் என்று ஊதித் தள்ளினார். அடுத்த வீட்டில் நுழைந்து, அங்கிருந்த ஆறை எடுத்து, இந்த ஆறை வைத்தார். அந்தக் கோழி அவரை ஒரு பார்வை பார்த்தது. நடுவரின் பார்வை போலவே இருந்தது.

"என்னங்க பண்ணிட்டு வர்றீங்க?" என்றாள் மனைவி.

"தீனி போட்டேன்."

"தீனி போட்டதுக்கா இப்படி வேர்க்குது?"

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இது திருட்டுங்க."

"திருட்டு இல்ல. மாத்துனேன். ஆறுக்கு ஆறு."

இரண்டு வீட்டிலும் ஆறுக்கு ஐந்து பொரிந்தன. தையற்காரர் அந்த ஐந்தையும் தாங்கினார். டாக்டரின் உயர்ந்த ரத்தமாயிற்றே. வெயில் பட்டால் வெள்ளை இறகு பழுப்பேறும் என்று நிழல்துணி கட்டினார். கூண்டில் தினமும் மணலை மாற்றினார். தன் சொந்தக் கோழிகளுக்கு ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை. அதிலும் ஒரு பெட்டைக்குஞ்சு, வளர வளர, கழுத்திலிருந்து வால் வரை கரை பிசகாமல் மெலிதாக வந்தது.

சந்தோஷப்பட வேண்டியவர் இளைத்துப் போனார்.

"பாரு, எவ்வளவு அழகு. அவன் வீட்டு முட்டைக்குள்ளயே இது இருந்திருக்கு. நாம சாப்பாடு போடுற ஆயா மாதிரி."

"அப்ப வித்துடுங்க."

"வித்தா எவனாவது ஜெயிச்சிடுவான்."

டாக்டர் மதில் மேல் வந்து அந்தப் பெட்டையைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் கூண்டைப் பார்த்தார். "எப்படி டெய்லர்?" என்று கேட்டார். குரலே எழும்பவில்லை. கிண்டல் பண்ணுகிறான் என்று தையற்காரர் உள்ளே போய்விட்டார்.

கண்காட்சியில் நடுவர் பூதக்கண்ணாடியோடு கால் மணி நேரம் தேடினார். குறை கிடைக்கவில்லை. கோப்பை தையற்காரருக்கு. டாக்டரின் கோழிக்கு இரண்டாமிடம்.

சங்கத் தலைவர் ஒலிபெருக்கியை நீட்டினார். "இந்த வம்சத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

வம்சம். அந்த ஒரு சொல்லில் தையற்காரருக்கு உள்ளே என்னவோ அறுந்தது. ஐந்து வருடம் ஏங்கிய கோப்பை கையில் இருந்தது, ஆனால் கைதட்டல் எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போவதுபோல் பட்டது. எதிரே முதல் வரிசையில் டாக்டர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"இது என் கோழி இல்லைங்க" என்றார் தையற்காரர். "டாக்டர் ஊருக்குப் போன வெள்ளிக்கிழமை காலையில, அவர் வீட்டு அடையில இருந்த முட்டையை எடுத்துட்டு என் முட்டையை வெச்சேன். பொறாமைங்க. வேற ஒண்ணும் இல்ல. இந்தக் கோப்பை அவருக்குத்தான் சேரணும்."

டாக்டரின் முகம் வெளுத்தது, சிவந்தது, மறுபடி வெளுத்தது. ஏதோ மனக்கணக்குப் போடுகிறவர்போல விரல்களை மடக்கினார். பிறகு மெல்ல எழுந்து மேடைக்கு வந்தார்.

"தப்பை ஒத்துக்க ஒரு பெரிய மனசு வேணும்" என்றார், தையற்காரரின் முகத்தைப் பார்க்காமல். "நான் மன்னிச்சுட்டேன்."

கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். பல வருடத்துக்குப் பிறகு வயிற்றில் எரிச்சல் இல்லை. திங்கட்கிழமை போய் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது.

மேடையில் டாக்டரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரின் மனைவி, தையற்காரரும் அவர் மனைவியும் நின்ற இடத்துக்கு வந்தாள். அவள் நெற்றி சுருங்கியிருந்தது.

"அக்கா, அண்ணன் மாத்துனது வெள்ளிக்கிழமை காலையிலயா?"

"ஆமாம்மா. எங்களை மன்னிச்சுடு."

"அதில்லக்கா, எனக்கு ஒண்ணு புரியல. எங்க வீட்டுக்காரரு முந்தின நாள் சாயங்காலமே எங்க முட்டையைப் பெட்டியில பஞ்சு வெச்சு எடுத்துட்டு வந்து, உங்க கோழிக்கு அடியில வெச்சுட்டு, உங்க முட்டை ஆறையும் எங்க வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாரே?"