கப்டனை நான் மிதித்த மாலை

எங்கள் வீட்டில் நான் மிதிக்காத பொருள் கிடையாது. அம்மாவின் கண்ணாடி, அப்பாவின் வருமானவரிக் கோப்பு, ஆற வைத்த இடியப்பத் தட்டு, ஒருமுறை விருந்துக்கு வந்தவரின் வயலின் பெட்டி. (பெட்டிக்குள் வயலினும் இருந்தது.) நடக்கும்போது என் கண்கள் தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும். கால்கள் தம்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு அம்மா ஒரே ஒரு சட்டம்தான் போட்டார். ஆளோ, புத்தகமோ, சாப்பாடோ, எதில் கால் பட்டாலும் உடனே குனிந்து தொட்டு, அந்தக் கையை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்ள வேண்டும். நான் மிதித்த வேகத்துக்கு இது நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை நடந்தது. வளர்ந்த பிறகு மூளையைக் கேளாமலே கை போகத் தொடங்கிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து வெள்ளைக்காரரின் சப்பாத்தில் கால் பட்டால்கூடப் போய்விடும். அவர்கள் நாடா அவிழ்ந்துவிட்டதாக்கும் என்று குனிந்து பார்ப்பார்கள்.

நான் பல்கலைக்கழகம் முடித்த வருடம் எங்கள் நகரத்துக்கு ஒரு தொழில்முறை ரக்பி அணி இருந்தது. அமெரிக்க லீக்கில் ஆடியது. அத்தனை அமெரிக்க அணிகளுக்கு நடுவே நாங்கள் ஒரே கனடாக்காரர், கலியாண வீட்டில் மாப்பிள்ளை பக்கமும் இல்லாமல் பொம்பிளை பக்கமும் இல்லாமல் வந்து நிற்கும் ஆட்களைப் போல. ரொறன்ரோவில் பனி முழுதாகக் கரைவதற்கு முன்பே லீக் தொடங்கிவிடும் என்பதால் முதல் மாதங்களில் அணி தெற்கே எங்காவதுதான் ஆடும். ஊருக்குத் திரும்பும்போது ஏப்ரல் ஆகியிருக்கும். பறவைகளோடு சேர்ந்து அவர்களும் வருவதாக நான் நினைத்துக்கொள்வேன்.

ரக்பி எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருமுறை தோழி ஒருத்தி கூட்டிப்போனாள். யாரோ பந்தை வானத்துக்கு உதைத்தார்கள். அந்த முட்டை வடிவப் பந்து மெல்லப் புரண்டு புரண்டு ஏறி, உச்சியில் ஒரு கணம் போவதா வருவதா என்று யோசித்து நின்றது. கீழே முப்பது பேர் அண்ணாந்து பார்த்தபடி. மைதானத்துச் சத்தமெல்லாம் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் இருந்தது. பந்து இறங்கியபோது நான் அந்த அணியின் ஆளாகிவிட்டேன். அடுத்த வாரமே தொண்டராகப் பதிந்தேன். சம்பளம் ஒரு ரீசேர்ட், ஒரு சான்ட்விச்.

எனக்குக் கிடைத்த வேலை, பந்துத் தாங்கியைக் கொண்டு ஓடுவது. கோலுக்கு உதைக்கும்போது பந்தை நிமிர்த்தி வைப்பதற்கு ஒரு சிறிய ரப்பர் தாங்கி உண்டு. உதைப்பவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட முடியாது. ஆகவே தேவைப்படும்போது ஓரத்திலிருந்து ஒருவர் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு, உதைத்ததும் எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். ஆட்டக்காரருடன் பேசக்கூடாது, நடுவருக்குக் குறுக்கே போகக்கூடாது. அந்தத் தாங்கியை நான் ஒலிம்பிக் தீபம்போல் ஏந்திக்கொண்டு ஓடினேன்.

இதெல்லாம் சும்மா விளையாட்டில்லை. ஆட்ட நாள் முகாமையாளர் கிளேர், பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும் என்னை வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். அணியில் ஒரு முழுநேர வேலை காலியாக இருந்தது. டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டில், அப்பாவும் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

"திங்கக்கிழமை மார்க்கம் ரவுணில இன்சூரன்ஸ் ஒஃபிஸ் வேலை. உந்தப் பந்துக்காரர் சனிக்கிழமை வேலைக் கடுதாசி தந்தால் அங்க போ. தராட்டில் இஞ்ச போ. ரெண்டும் இல்லாமல் மேல பார்த்துக்கொண்டு திரியேலாது, பிள்ளை."

"கட்டாயம் தருவினம் அப்பா. நீங்களும் வந்து பாருங்கோவன்."

அப்பா வந்தார். துணைக்குப் பக்கத்து வீட்டுக் குலம் அங்கிளையும் கூட்டிவந்தார். அங்கிளுக்கு எந்த விளையாட்டையும் ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், அதன் குறை தெரிந்துவிடும். இடைவேளையில் நான் ஓடிப்போய் அவர்களைப் பார்த்தேன்.

"மயூ, உவங்கள் ஏன் பந்தைப் பின்னுக்கு எறியிறாங்கள்? வெல்லுற நோக்கம் இல்லையோ?"

"முன்னுக்கு எறியக்கூடாது அங்கிள். அதுதான் ரூல். பின்னுக்குப் பின்னுக்கு எறிஞ்சுதான் முன்னுக்குப் போகவேணும்."

"அப்ப எங்கட சங்கத்துக் கமிட்டி மாதிரி," என்றார் அங்கிள். "என்ன, அவை முன்னுக்குப் போறதைத்தான் காணேல்லை."

அப்பா சிரிக்கவில்லை. என் ரீசேர்ட்டின் முதுகில் எழுதியிருந்த 'தொண்டர்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிய சில விநாடிகள். ஆறு புள்ளிகள் பின்னால் நிற்கிறோம். எங்கள் கப்டன் மேசன், நியூசிலாந்திலிருந்து வந்தவர், ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குக் கால் முளைத்ததுபோல் இருப்பார், பந்தோடு ஓடி எல்லைக்கோட்டுக்கு அப்பால் விழுந்தார். அவருக்கு மேல் எதிரணியில் மூன்று பேர் விழுந்தார்கள். ஐந்து புள்ளிகள். இனி ஒரே ஒரு உதை பாக்கி. அது கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னும் இரண்டு; ஒரு புள்ளியால் வெல்வோம். அணியில் உதைப்பவரும் மேசன்தான்.

நான் தாங்கியோடு ஓடினேன்.

அந்த மாலையை இப்போதும் கண்ணை மூடினால் காணலாம். மேற்கே வெயில் தேன் நிறத்தில் சாய்ந்திருந்தது. வாவியிலிருந்து குளிர்காற்று வந்தது. மைதானத்துக்கு மேலே கடற்காகங்கள் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தைக் கலைக்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஆயிரம் குரல்கள் ஒரே குரலாக எழுந்தன. என்னவொரு அழகு என்று நினைத்தேன். நான் எங்கே பார்த்துக்கொண்டு ஓடினேன் என்று சொல்லத் தேவையில்லை.

காலுக்குக் கீழே எதுவோ தடித்து, வெதுவெதுப்பாக இருந்தது.

கப்டனின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி. மற்றவர்கள் எழுந்து போய்விட, அவர் மட்டும் மல்லாந்து கிடந்து, கண்ணை மூடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் மிதித்ததை அவர் உணரவேயில்லை. (மூன்று பேர் மேலே விழுந்த ஆளுக்கு நான் ஒரு ஈ.) ஆனால் என் கை உணர்ந்துவிட்டது. குனிந்தேன். அவர் காலைப் பயபக்தியோடு தொட்டேன். இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன். சரியாக அந்த நேரம் மேசன் கண்ணைத் திறந்தார்.

ஓரத்தில் நின்ற மருத்துவரும் பார்த்தார். ஹெலன் என்று பெயர். ரக்பியில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், மருத்துவர் வெளியே எடுத்துப் பன்னிரண்டு நிமிடம் சோதிக்க வேண்டும். அதற்கு அப்பீல் கிடையாது. விழுந்து கிடக்கும் ஆட்டக்காரரை ஒரு பெண் குனிந்து தொடுகிறாள், பிறகு இரண்டு தடவை தன் கண்களைக் காட்டுகிறாள். கண்ணில் ஏதோ கோளாறு என்று நான் சைகை செய்வதாக எடுத்துக்கொண்டு ஹெலன் பாய்ந்து வந்தார்.

(பேச்சு ஆங்கிலத்தில்தான். என் வசதிக்குத் தமிழில் தருகிறேன்.)

"மேசன், இப்போது என்ன நடந்தது? சொல்லுங்கள்."

மேசன் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வெயில்.

"ஒரு பெண் வந்தாள்," என்றார் மெதுவாக. "என் காலை வணங்கினாள்."

ஹெலனின் முகம் மாறியது. ஆளை வெளியே எடுக்கும்படி நடுவருக்குக் கையை உயர்த்தினார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். 'அது உண்மை டொக்டர், நான்தான் மிதித்தேன்' என்று ஒரே ஒரு வசனம். பேசக்கூடாது என்பது விதி என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வேலை கிடைக்க அரை மணி நேரம் இருக்கும்போது, கப்டனை மிதித்தவள் என்று பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை. தாங்கியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். மேசனை இரண்டு பேர் நடத்திக்கொண்டு போனார்கள். அவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தபடி போனார், நான் காற்றில் கரைகிறேனா என்று பார்ப்பவர்போல.

மாற்று உதைகாரர் ஏற்கெனவே காயப்பட்டு வெளியே இருந்தார். பள்ளிக்கூடத்தோடு உதைப்பதை விட்டுவிட்ட ஒருவர் முன்வந்தார். தாங்கியைக் கொடுத்தேன். பந்து எழும்பியது. புரண்டு புரண்டு, பொன் வெயிலுக்குள் போய், கம்பத்தின் வெளிப்பக்கத்தில் பட்டு, மிக மென்மையாக, இறகு இறங்குவதுபோல் தவறான பக்கத்தில் விழுந்தது. இவ்வளவு அழகான ஒரு தோல்வியை நான் கண்டதில்லை. ஒரு புள்ளி.

கிளேர் என்னைத் தேடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தோளில் கை வைத்தார்.

"ஹெலன் சொன்னார். இத்தனை பேரில் நீ மட்டும்தான் கவனித்திருக்கிறாய். தோற்றால் பரவாயில்லை, ஒரு தலை தப்பியது. பத்து நிமிடத்தில் என் அறைக்கு வா. கடிதம் தயாராக இருக்கிறது."

நான் சரி என்று தலையாட்டினேன். (ஆம், ஆட்டினேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.)

கிளேரின் அறைக்குப் போகும் வழியில் மருத்துவ அறை. கதவு பாதி திறந்திருந்தது. ஹெலன் கேட்டுக்கொண்டிருந்தார். மாதங்களைப் பின்னோக்கிச் சொன்னார் மேசன், சரி. பத்துச் சொற்களைத் திருப்பிச் சொன்னார், சரி. ஒற்றைக் காலில் நின்றார், அசையவில்லை.

"எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணை இன்னும் நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது. அப்படி நடந்திருக்காது என்று தெரியும். ஆனால் கண்டேன்." கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "என்னோடு ஆடிய ஒருவனுக்கு இப்படித்தான் தொடங்கியது. இல்லாததைக் காண்கிறேன் என்பான். இப்போது தன் மகளின் பெயர் அவனுக்குத் தெரியாது. ஹெலன், எனக்கும் அதுதானா?"

அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சிறிய குரல்.

பத்தடிக்கு அப்பால் கிளேரின் கதவு. நான் அன்றைக்கு முதல்முறையாகக் கீழே பார்த்து நடந்து, மருத்துவ அறைக்குள் போனேன்.

"அது நான்தான்," என்றேன். "நீங்கள் கண்டது நடந்தது."

இருவருக்கும் புரியவில்லை. எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு, கால் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வோம் என்று உளறினேன். மரியாதைக்கா என்று ஹெலன் கேட்டார். ஓம், மன்னிப்புக்கும் என்றேன். நம்பிக்கை வராத முகம். வேறு வழியில்லாமல் மேசனிடம் அனுமதி கேட்டு, அவர் சப்பாத்தை இன்னொருமுறை மிதித்து, குனிந்து தொட்டு, கண்களில் ஒற்றிக் காட்டினேன்.

மேசன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண்கள் நனைந்திருந்தன.

"அப்படியானால் நீ உண்மையான ஆள்."

"ஓம். மன்னியுங்கோ," என்றேன், தமிழில். அவருக்கு விளங்கியதுபோல்தான் இருந்தது.

ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால், அந்தக் கடைசி உதையை இவரே உதைத்திருக்கலாம்," என்றார், யாரையும் பார்க்காமல். வாசலில் கிளேர் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த கடிதத்தை இரண்டாக மடித்து, பிறகு நான்காக மடித்து, பைக்குள் வைத்தார். கோபப்படவில்லை. "சொன்னதற்கு நன்றி," என்றார். "மைதானத்தில் சொல்லியிருந்தால் இன்னும் பெரிய நன்றி சொல்லியிருப்பேன்."

கார் நிறுத்துமிடத்தில் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"நான் மேல இருந்து பார்த்தனான்," என்றார். "உந்தச் சனம் முழுக்கத் தலையைச் சொறியுது. எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும்தான் விசயம் விளங்கினது."

"அப்ப ஆரிட்டையாவது சொல்லியிருக்கலாமே அப்பா?"

"குலம் சொல்லத்தான் இறங்கினவன். செக்யூரிட்டிக்காரன் பிடிச்சுப் பழையபடி ஏத்திவிட்டிட்டான்."

"நான் சாட்சி சொல்ல வந்தனான் எண்டனான்," என்றார் குலம் அங்கிள். "உவனுக்கு விளங்கேல்லை."

அப்பா காரை எடுத்தார். 401 நெடுஞ்சாலையில் ஏறும்போது சொன்னார். "உள்ளுக்குப் போய்ச் சொன்னது நல்லது." அவ்வளவுதான். திங்கட்கிழமை நான் மார்க்கத்தில் இன்சூரன்ஸ் ஒஃபிஸில் இருந்தேன். அந்த அணியும் இப்போது எங்கள் நகரத்தில் இல்லை. லீக் மட்டும் அமெரிக்காவில் தன்பாட்டில் நடக்கிறது. சில சனிக்கிழமைகளில் தொலைக்காட்சியில் பார்க்கிறேன், பந்து உச்சியில் நிற்கும் அந்த ஒரு கணத்துக்காக.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சோதனை மட்டும் ஓயவில்லை. யாராவது நம்பமுடியாத கதை ஒன்றைச் சொன்னால் பன்னிரண்டு நிமிடம் வெளியே. அம்மா தள்ளுபடி விலையைச் சொன்னாலும் அதுதான், பின்னேர நெரிசலில் அஜக்ஸ் நகரத்திலிருந்து அரை மணியில் வந்துவிட்டேன் என்று மாமா சொன்னாலும் அதுதான். போன மார்கழியில் நான் விரும்பிய பையன், பிரணவன், முதல்முறை வீட்டுக்கு வந்தான். அப்பா தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு நேரே விசயத்துக்கு வந்தார்.

"தம்பி, இவளை உமக்கு என்னண்டு தெரியும்?"

"ரெயினில அங்கிள். காலை மிதிச்சிட்டு, குனிஞ்சு தொட்டுக் கும்பிட்டவ."

அப்பாவும் குலம் அங்கிளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மிகுந்த மரியாதையோடு அவனைப் பல்கனிக்குக் கூட்டிப்போய் விட்டு, கதவைப் பூட்டினார்கள். வெளியே பனி கொட்டியது. கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அவன் நின்றான். பன்னிரண்டு நிமிடம் சரியாக முடிந்ததும் குலம் அங்கிள் கதவைத் திறந்தார்.

"தம்பி, இப்ப என்ன நடந்தது? ஆறுதலாச் சொல்லும்."

"ஒரு குடும்பம் என்னைப் பல்கனியில விட்டுப் பூட்டினது அங்கிள்."

அங்கிள் கவலையோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்பக்கூடிய கதையாத் தெரியேல்லை," என்றார். "இன்னும் பன்னிரண்டு நிமிஷம் வைப்பம்."