கழிவறை வாசலில் தங்கள் பேத்தி உட்கார்ந்திருந்தது பற்றி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் மகள், தங்கள் பேத்தி பட்டாணி மூவரும் சுகம். தங்கள் சுகத்தையும், அத்தையின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். அந்தப் புதுத் தைலம் கேட்கவில்லை என்றால் தேய்ப்பதை நிறுத்திவிடலாம் என்று அத்தையிடம் சொல்லவும். போன தடவை நாங்கள் வந்திருந்தபோது தைலம் எங்கள் துணிமணி வரைக்கும் வந்துவிட்டதே தவிர, முழங்காலுக்குள் போனதாகத் தெரியவில்லை.

நிற்க. நேற்றுத் தாங்கள் தொலைபேசியில், "என்ன மாப்ளே, பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே பிள்ளையைக் கக்கூஸ் வாசல்ல உட்கார வச்சீங்களாமே?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்தும் விட்டீர்கள். ஆயுள் முழுக்க ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், கொடி காட்டிய பிறகு ரயிலைக் கூப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே எழுத்தில் விளக்கம் தருகிறேன். பேத்தி சொன்னது பொய்யில்லை. அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அது எப்படி ஆயிற்று என்பதை அவள் சொல்லவில்லை, தாங்களும் கேட்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதும் வாயால்தான். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் மற்றவர்களுக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? யார் எங்கே மாட்டிக்கொண்டார், எப்படி வெளியே எடுத்தோம், அவ்வளவுதான். சாப்பிடும்போது அதைத்தான் சொல்வேன். ஒரு பெரிய மனிதர் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் உருகுவதற்கு முன் தானே தின்று தீர்த்துவிட்டு, கதவு திறந்ததும் "சீக்கிரம் வந்துட்டியேப்பா" என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்ட கதைக்குப் பட்டாணி விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்தவள், பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "அப்பா, பள்ளிக்கூடத்து பாத்ரூம் கதவு மாட்டிக்கிட்டா யார் வருவா?" என்றாள். டீச்சர் வருவாங்க என்றேன். "டீச்சர்கிட்ட ஸ்பேனர் இருக்குமா?" என்றாள். அன்றிலிருந்து பிள்ளை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள் மாமா. குடித்தால்தானே போக வேண்டும்? அதோடு, ஒண்ணாம் வகுப்பே வேண்டாம், நேரே இரண்டாம் வகுப்பில் சேர்ந்துகொள்கிறேன், அப்போது கை பெரிதாகிவிடும், தாழ்ப்பாளை நானே இழுத்துவிடுவேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால். யார் பேத்தி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கள் மகளுக்கு அந்த வாரம் ஆஸ்பத்திரியில் மதிய ஷிஃப்ட். அதனால் பெற்றோர் தகவல் கூட்டத்துக்கு நான்தான் போக வேண்டியிருந்தது. "சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க. அந்தத் தாழ்ப்பாள் விஷயத்தையும் மறக்காம கேட்டுட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். கிளம்புகிற நேரம் பார்த்து ஒரு துணிக்கடை லிஃப்ட் பாதியில் நின்றது. அதை இறக்கிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்குப் போய், கதவு திறந்திருந்த முதல் அறையில் நுழைந்து, கடைசி வரிசையில் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் காதைத் தொட்டது. டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். பின்னக் கணக்கு வருமாம், நீச்சல் உண்டாம், ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டுமாம், எட்டு மணிக்கு மணி அடிக்குமாம். ஒண்ணாம் வகுப்பிலேயே பின்னமா, அடேயப்பா, நம்ம காலத்தில் இதெல்லாம் ஏது என்று எனக்கு ஒரே பெருமை. அதற்கு மேல் காதில் ஏறவில்லை. என் கேள்வியை எந்த வார்த்தையில் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கக்கூஸ் என்றால் சபைக்கு ஆகாது, கழிவறை என்றால் போர்டைப் படிக்கிற மாதிரி இருக்கும், பாத்ரூம் என்றே கேட்போம் என்று முடிவுக்கு வந்து நிமிர்ந்தால், அறையே கப்சிப்பென்று இருக்கிறது. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல சமயம் என்று கையைத் தூக்கினேன்.

எல்லாரும் கை தட்டினார்கள் மாமா.

வகுப்புப் பெற்றோர் பிரதிநிதியாக இருக்க யாருக்கு விருப்பம் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒருத்தர், கிணற்றிலிருந்து தூக்கி விட்டவன் கையைப் பிடிக்கிற மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாருக்கும் என் நம்பர் போய்விட்டது. வெளியே வந்து வாசலில் இருந்த பலகையைப் பார்த்தேன். நான்காம் வகுப்பு. ஒண்ணாம் வகுப்புக் கூட்டம் எதிர்க் கட்டடத்தில் நடந்து முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதை அப்படியே வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் தங்கள் மகள் என்ன சொல்லுவாள் என்று தங்களுக்கே தெரியும், வளர்த்தவர் நீங்கள். பள்ளி ஒன்றுதான், மணியும் ஒன்றுதான், வகுப்புக்கு வகுப்பு அப்படி என்ன மாறிவிடப் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, எல்லாம் கேட்டாச்சு, எட்டு மணிக்குப் போகணும் என்றேன். ஜியாமெட்ரி பாக்ஸும் வாங்கி வந்தேன். தங்கள் மகள் அதைத் திறந்து, உள்ளே இருந்த காம்பஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூடி வைத்துவிட்டாள். தாழ்ப்பாள் என்னாச்சு என்று கேட்டாள். கேட்க வாய்ப்புக் கிடைக்கலை என்றேன். அது நிஜம்தானே?

முதல் நாள் அவளுக்குக் காலை ஷிஃப்ட், விடியும்போதே போய்விட்டாள். நானும் பட்டாணியும் எட்டு மணிக்குப் போய் நின்றோம். பெரிய பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே போனார்கள், மணி அடித்தது, மைதானம் காலியாகிவிட்டது. ஒண்ணாம் வகுப்பு பூட்டிக் கிடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "புதுப் பிள்ளைங்களுக்குப் பத்து மணிக்குத்தானே? கூட்டத்துல சொன்னாங்களே, நீங்க வரலையா?" என்றார். வந்தேன், பிரதிநிதியாகவும் ஆனேன் என்று எப்படிச் சொல்லுவது? பிள்ளை அழப்போகிறாள், இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று பயந்துபோய்க் கீழே பார்த்தேன். அவள் என் சட்டையை இழுத்து, "அப்பா, அப்ப பாத்ரூம் காலியா இருக்குமா?" என்றாள்.

போனோம். வரிசையாக நாலு கதவு. முதல் கதவின் தாழ்ப்பாள் மட்டும் முரண்டு பிடித்தது. மற்ற மூன்றும் விரலால் தொட்டால் போகும். பையில் இருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து முதல் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவள் உள்ளே போனாள், நான் வெளியே நின்றேன். "மாட்டிக்கிட்டேன்!" "லேசாத் தூக்கிட்டு இழும்மா!" "இழுத்துட்டேன்!" கதவு திறந்து வெளியே வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்ட முகம் மாமா அது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சலிக்காமல் போய்ப் போய் வந்தாள். அதற்குள் பெருக்குகிற அம்மா வந்து, "சார், இது பொம்பளப் பிள்ளைங்க இடம். நீங்க வெளியே நில்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்று என்னை மரத்தடிக்குத் துரத்திவிட்டார். நியாயம்தான். நான் மரத்தடியில் நின்றேன். பட்டாணி களைத்துப்போய் அந்த வாசல் படியில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கடகடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள். தாங்கள் கேள்விப்பட்டது இந்தக் காட்சியைத்தான்.

பத்து மணிக்குப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். எங்கே பார்த்தாலும் அழுகை. ஒரு குட்டிப் பெண் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள், ஒண்ணுக்கு வருகிறதாம், ஆனால் போகமாட்டாளாம். அம்மா கெஞ்சுகிறார், மிரட்டுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. நம்ம பட்டாணி நேரே போய் அவள் கையைப் பிடித்தாள். "மூணாவது கதவுக்கு வா. மொதக் கதவுன்னா தூக்கிட்டு இழுக்கணும். வா, நான் வெளியவே நிக்கறேன்." கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு வரிசையே நின்றது. ஒண்ணாம் வகுப்பு டீச்சர் தன் வகுப்பைத் தேடிக்கொண்டு அங்கேதான் வர வேண்டியிருந்தது. எல்லாரையும் கூட்டிப் போகும்போது பட்டாணி திரும்பி என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க வேலைக்குப் போங்க. யாராச்சும் மாட்டிக்கிட்டிருப்பாங்க" என்றாள். போனேன் மாமா. அன்றைக்கு எந்த லிஃப்ட்டும் நிற்கவில்லை, ஆனாலும் நாளெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

மிச்சம் இருந்தது நாலாம் வகுப்பு. நீச்சல் என்றைக்கு, தொலைந்த சாப்பாட்டு டப்பா யாரிடம், பின்னத்தில் கீழே இருப்பதற்கு என்ன பெயர் என்று காலையிலும் சாயங்காலமும் போன். நானும் கேட்டுக் கேட்டுச் சொல்லிவிடுவேன். ஆனால் மனசு உறுத்தியது. டீச்சரிடமே போய், "எனக்கு இந்த வகுப்புல பிள்ளையே இல்லைங்க" என்றேன். அவர் கட்டுரை நோட்டைத் திருத்துவதை நிறுத்தாமல், "தெரியும் சார், அன்னைக்கே தெரியும்" என்றார். அப்புறம் ஏன் கை தட்டினீங்க என்றேன். "வேற யாரும் கை தூக்கலையே. பிள்ளை இருக்கிறவங்களை விட நீங்க நல்லாத்தான் பாக்கறீங்க, இருங்க" என்றார். இருக்கிறேன். மூன்று வருடம் கழித்துப் பட்டாணி அந்த வகுப்புக்கு வரும்போது அனுபவம் உதவும்தானே.

ஆக மாமா, என் தப்பால் நடந்ததுதான் எல்லாம். ஆனால் தெரியாமல் செய்த தப்பு ஒரு நல்லதில் முடிந்தது என்ற அளவில் என்னை மன்னித்து, அத்தையிடமும் எடுத்துச் சொல்லவும். பிள்ளை இப்போது நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாள். தாங்கள் இருவரும் நோய்நொடியின்றி, மூடும் கதவெல்லாம் தொட்டதும் திறக்க நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பேச்சை என்றைக்கும் தட்டாத மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது தங்கள் மகள் ஷிஃப்ட் முடிந்து வந்து, வாங்கிப் படித்து, கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு, "ஒண்ணாங்கிளாசுக்குப் பத்து மணிக்குத்தான்னு முந்தின நாளே எனக்குச் செய்தி வந்துச்சு" என்றாள். "தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி சொல்லலை?" என்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "சொல்லியிருந்தா நீங்க பத்து மணிக்கில்ல போயிருப்பீங்க? அப்ப பாத்ரூம் காலியா இருந்திருக்குமா?"