இளரத்தம் தேவை

"நிறுத்து! வண்டியை நிறுத்துப்பா!"

கழுத்து டை தோளுக்குப் பின்னால் பறக்க, கம்பெனி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார் சங்கரநாராயணன். பர்சனல் மேனேஜர் ஓடுகிற அழகை, ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நைட் ஷிஃப்ட் கூட்டம் கிளாசும் கையுமாக ரசித்தது.

பஸ் நின்றது. மூச்சு வாங்க ஏறியவர், கடைசி சீட்டுக்குப் போய், தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்த ஒருவனின் முகத்திலிருந்து துண்டை உருவினார்.

"டைரக்டர் சார், எங்கே கிளம்பிட்டீங்க?"

"ரூமுக்கு சார்" என்றான் சக்திகுமார். "எனக்கு டைரக்டர் வேலை வேண்டாம் சார். வேற யாருக்காவது குடுத்துருங்க."

"இன்னும் கொஞ்ச நேரத்துல போர்டு மீட்டிங்டா! இப்பப் போய் எவனைத் தேடுவேன்?"

விஷயம் இதுதான். கார் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனி அது. போர்டில் ஐந்து பேர். ஐவரும் எழுபதைத் தாண்டியவர்கள். போன மாதம் வந்த கொரியாக்கார கஸ்டமர், மேஜையைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டு, 'பத்து வருஷம் கழித்து நான் யாரோடு பேசுவது? இங்கே ஓர் இளைஞரை உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாடலுக்குக் கீல் வேறு இடத்தில்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சேர்மன் ரகுபதி அந்தப் பொறுப்பைச் சங்கரநாராயணன் தலையில் கட்டினார். "மீட்டிங்ல புது நாற்காலி காலியா இருந்துச்சுன்னா, மறுநாள் உன் நாற்காலியும் காலி."

பெண் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்துவிட்ட நேரம். சங்கரநாராயணன் ஃபேக்டரி முழுக்க அலசி, வெல்டிங் லைன் சூப்பர்வைசர் சக்திகுமாரைப் பிடித்தார். சங்கரன்கோவில் பையன். டிப்ளமோ. வயது இருபத்தைந்து. அவன்தான் இப்போது தப்பி ஓடுகிறான்.

"ஏண்டா வேண்டாங்கறே?"

"டைரக்டருக்கு ஓ.டி. காசு கிடையாதாம்லா சார்? அதோட, கம்பெனில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் டைரக்டரைத்தான் மொதல்ல புடிக்குமாம். ரூம்ல எல்லாப் பயலும் சொல்லுதான்."

"உன்னை ஏண்டா புடிக்கப்போறாங்க? உனக்கு முன்னாடி அஞ்சு பெரியவங்க இருக்காங்களே!"

"அவங்களை ஜீப்ல ஏத்தவே முடியாதே சார். கடைசியில நாந்தான் ஏறணும்."

"ஒண்ணும் ஆகாது. வா, உக்காரு, டீ குடி. முந்திரி பக்கோடா உண்டு."

முந்திரி பக்கோடாவில் பையன் கொஞ்சம் இளகினான். அந்த இளக்கத்திலேயே அவனைக் கீழே இறக்கி, கம்பெனிக்கு இழுத்துவந்து, தன் டையைக் கழற்றிக் கையில் கொடுத்து, முகம் கழுவ அனுப்பினார் சங்கரநாராயணன்.

திரும்பினால், எதிரே டைரக்டர் நடேசன்.

"சங்கரா, பொடியன் வந்துட்டானா? அப்பாடா! இத்தனை நாளா இந்த போர்டுல நான்தான்யா சின்னப் பையன். பேரன் பேத்தி எடுத்தவனை இன்னும் 'டேய் நடேசா'ன்னு கூப்பிடறாங்க."

"சந்தோஷம் சார்."

"எனக்கு உன்னைவிட சந்தோஷம். நம்ம போர்டு வழக்கம் தெரியுமில்ல? வயசுல சின்னவன்தான் முதல்ல பேசணும். பெரியவங்க பேசிட்டா சின்னவன் அதையே திருப்பிப் பாடுவான்னு சேர்மனே வெச்ச வழக்கம்."

"தெரியும் சார்."

நடேசன் குரலைத் தாழ்த்தினார். "சேர்மன் ஓய்வு எடுத்துக்கிட்டா தேவலைன்னு நாங்க நாலு பேரும் ரொம்ப நாளா நினைக்கறோம். யார் வாயைத் திறக்கறதுன்னுதான் தகராறு. இன்னிக்குப் பொடியன் திறக்கட்டும். நாங்க பின்னால வரோம். நீயே அவன் காதுல போட்டுடு."

சங்கரநாராயணனுக்குச் சேர்மனைத் தெரியும். தன் பிறந்தநாளுக்குக் கைத்தடி பரிசளித்த ஒரு மனிதரை, அன்று சாயங்காலமே மறைமலை நகர் குடோனுக்கு மாற்றியவர் ரகுபதி. கைத்தடி கொடுத்தவருக்கே அந்தக் கதி என்றால், பேசுகிறவனைக் கூட்டிவந்தவனுக்கு?

பாய்ந்து போய்ப் பையனைப் பிடித்தார்.

"சக்தி, ஓடிடு! பின்பக்க கேட் திறந்துதான் இருக்கு."

"எப்படி சார் ஓட? இப்பதான் எதிர் எஸ்.டி.டி. பூத்துல இருந்து அம்மாட்ட சொன்னேன். ஊர்ல தெருவுக்கே மிட்டாய் குடுக்காவளாம். இனி ஓடினா சங்கரன்கோவில் பக்கம் தலைவைக்க முடியாது."

"நாசமாப் போச்சு. சரி, கேளு. நடேசன் சார் என்ன ஜாடை காட்டினாலும் கண்டுக்காதே. நீயா ஒரு வார்த்தை பேசாதே. சேர்மன் எதைக் கேட்டாலும் 'ஆமாங்கய்யா'. அவ்வளவுதான்."

"எதைக் கேட்டாலுமா?"

"எதைக் கேட்டாலும்!"

மீட்டிங் ஆரம்பித்தது. சங்கரநாராயணன் கதவோரம் நின்றார். நடேசன் கண்ணைக் காட்டினார், இருமினார், மேஜைக்கடியில் காலால் இடித்தும் பார்த்தார். சக்திகுமார் பக்கோடாத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன தம்பி, நீதானே முதல்ல பேசணும்?" என்றார் ரகுபதி. "புது இடம், கூச்சமா இருக்கா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப நானே கேக்கறேன். கம்பெனி நல்லா போகுதா?"

"ஆமாங்கய்யா."

சங்கரநாராயணனுக்கு மூச்சு வந்தது.

"இன்னும் நல்லா போகலாம்னு நினைக்கிறே?"

"ஆமாங்கய்யா."

"எனக்கு வயசாயிடுச்சோ?"

"ஆமாங்கய்யா."

வந்த மூச்சு நின்றது. கதவோரத்திலிருந்து 'வேண்டாம், வேண்டாம்' என்று இரண்டு கைகளையும் ஆட்டினார் சங்கரநாராயணன். குரல் போதவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டான் சக்திகுமார்.

"அப்ப நான் இந்த நாற்காலியை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடணுங்கறே?"

"ஆமாங்கய்யா!" அறை அதிர்ந்தது.

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமாங்கய்யா!"

பக்கோடா மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. ரகுபதி மற்ற நால்வரையும் பார்த்தார். நால்வரும் ஃபேனைப் பார்த்தார்கள். கடைசியில் நடேசன், "பையன் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு..." என்று முனகினார். அவர் முடிப்பதற்குள் மற்ற மூன்று பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

ரகுபதி எழுந்தார். நேரே வெளியே நடந்தார்.

அன்றைக்கு இரண்டாவது முறையாக ஓடினார் சங்கரநாராயணன். மண்டபம், சமையல்காரர், சம்பந்தி எல்லாம் கண்முன் வந்து போயின. போர்டிகோவை அடைவதற்குள் சேர்மன் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். பின்னால் டிக்கியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு சூட்கேசையும் ஒரு ஹோல்டாலையும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார் டிரைவர் ஜீவானந்தம்.

"ஜீவா, ஐயா ரொம்பக் கோவமா இருக்காரா? பெட்டியெல்லாம் எங்கேப்பா?"

"ஏற்காட்டுக்கு சார், பேத்தி வூட்டுக்கு" என்ற ஜீவானந்தம், டிக்கியை அறைந்து மூடினார். "கோவமா? இன்னா சார் நீங்க! தானா எழுந்து போவ ஐயாவுக்கு ரோஷம், போன்னு சொல்ல இவங்களுக்கு பயம். எட்டு வருஷமா ஒவ்வொரு மீட்டிங்குக்கும் இந்தப் பொட்டி படுக்கையோடதான் வந்துகினு கீறோம், அதான் அந்தக் கொரியாக்காரரை வூட்டுக்குக் கூப்ட்டு சோறு போட்டு, சின்னப் பையனை உக்கார வைக்கச் சொல்லுன்னு சொல்ல வெச்சதே ஐயாதான்!"